அண்டத்தின் அளவு, வடிவம், எல்லை: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னிப் பகுதிப் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் வானம் பார்க்கக் கூடும் இரவுகளிலும் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை ஒரே குழப்பத்திலிருந்து பிறப்பவை என்பதால் அதனை முதலிலேயே விலக்கிவிடுவது நல்லது. ஒளி வந்து சேர்ந்திருப்பதால் நமக்குத் தெரியக்கூடிய பகுதி ஒன்று. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இருப்பது அனைத்தும் மற்றொன்று. முன்னதைக் காணக்கூடிய அண்டம் என்றும் பின்னதை முழு அண்டம் என்றும் இங்கே குறிப்பிடுகிறோம். காணக்கூடிய அண்டத்துக்கு அளவும் எல்லையும் உண்டு. முழு அண்டத்துக்கு அவை உண்டா என்பது இன்னும் தீராத கேள்வி. எண்களைப் பொறுத்தவரை, பாடநூல்களில் ஒரு பில்லியன் என வருவதை இங்கே நூறு கோடி என்று எழுதியுள்ளோம்.

அண்டத்தின் அளவை ஒரே எண்ணில் சொல்ல முடியுமா?

காணக்கூடிய அண்டத்துக்குச் சொல்லலாம். அது ஏறத்தாழ 4650 கோடி ஒளியாண்டு ஆரமும் 9300 கோடி ஒளியாண்டு விட்டமும் கொண்ட ஒரு கோளம். அதன் மையத்தில் பூமி இருப்பது பூமிக்கு உரிய சிறப்பு அன்று. பார்ப்பவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்து எல்லாத் திசைகளிலும் சமதூரம் வரையில் தெரிகிறது, அவ்வளவுதான். முழு அண்டத்துக்கு இப்படி ஓர் எண் கிடையாது. "அண்டத்தின் விட்டம் 9300 கோடி ஒளியாண்டு" என்று செய்திகளிலும் காணொளிகளிலும் வருவதில் "காணக்கூடிய" என்ற அடைமொழி விடுபட்டுப்போகிறது. "அப்படியானால் அதற்கு அப்பால் என்ன?" என்று அடுத்த நாள் வகுப்பில் எழும் கேள்வி அந்த விடுபடலின் விளைவே.

ஒளியாண்டு என்பது எவ்வளவு தூரம்?

ஒளி ஒரு செக்கனில் 2,99,792 கிலோமீற்றர் செல்கிறது. அது ஓர் ஆண்டில் கடக்கும் தூரம், அதாவது ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர், ஓர் ஒளியாண்டு. சந்திரனிலிருந்து ஒளி நம்மை அடைய 1.3 செக்கனும் சூரியனிலிருந்து 8 நிமிடம் 20 செக்கனும் ஆகின்றன. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அண்மையிலுள்ள நட்சத்திரமான பிரொக்சிமா செந்தோரியிலிருந்து ஒளி வர 4.24 ஆண்டுகள் ஆகின்றன.

இதனைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட 15 கோடி கிலோமீற்றரை ஒரு மீற்றராகச் சுருக்கினால், சூரியனின் விட்டம் 9 மில்லிமீற்றராகவும் நெப்தியூனின் தூரம் 30 மீற்றராகவும் சுருங்கும். ஆனால் பிரொக்சிமா செந்தோரி 268 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும். வவுனியாவில் ஒரு பாடசாலை மைதானத்துக்குள் கோள்கள் முழுவதையும் அடுக்கிவிடலாம். அடுத்த நட்சத்திரத்தை வைப்பதற்கு ஒருவர் பேருந்தேறிக் கொழும்புப் பக்கம் போகவேண்டும். இதே அளவுத்திட்டத்தில், நாம் இருக்கும் பேரடையான (ஈர்ப்பால் கட்டுண்ட நட்சத்திரப் பெருங்கூட்டமான) பால்வீதியின் குறுக்களவு, அதாவது ஓர் இலட்சம் ஒளியாண்டு, 63 இலட்சம் கிலோமீற்றராகிவிடும். அது சந்திரனுக்குள்ள தூரத்தைப்போல் பதினாறு மடங்கு என்பதால், மாதிரி செய்து விளங்கிக்கொள்ளும் முயற்சி இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

அண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டு என்கிறீர்கள். அப்படியானால் ஆரம் 1380 கோடி ஒளியாண்டாகத்தானே இருக்கவேண்டும்? 4650 கோடி எங்கிருந்து வந்தது?

உயர்தர மாணவர் அதிகம் கேட்பது இதுவே. வெளி அசையாமல் நின்றிருந்தால் கேள்வியில் உள்ள கணக்குச் சரியாக இருந்திருக்கும். ஆனால் ஒளி பயணம் செய்துகொண்டிருந்த காலம் முழுவதும், அது கடந்துவந்த வெளியும் கடக்கவேண்டியிருந்த வெளியும் சேர்ந்தே விரிந்துகொண்டிருந்தன.

இன்று நம்மால் காண முடிகிற மிகப் பழைய ஒளி, அண்டம் பிறந்து ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் ஆனபோது புறப்பட்டது. அதனை வெளியிட்ட சூடான வாயு, அந்தக் கணத்தில், பின்னர் பால்வீதியாக உருவாகப்போகும் இடத்திலிருந்து ஏறத்தாழ 4.2 கோடி ஒளியாண்டு தூரத்திலேயே இருந்தது. அண்ட அளவில் அது கிட்டிய தூரம். ஆயினும் இடைப்பட்ட வெளி அப்போது மிக விரைவாக விரிந்துகொண்டிருந்ததால் அந்த ஒளி இங்கே வந்து சேர ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகள் ஆயின. அதற்குள் வெளியின் ஒவ்வொரு நீளமும் ஏறத்தாழ 1090 மடங்காகிவிட்டது. 4.2 கோடியை 1090 ஆற் பெருக்கினால் வருவது ஏறக்குறைய 4580 கோடி. அந்த வாயு இன்று பேரடைகளாகத் திரண்டு அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. ஒளி புறப்படுவதற்கு முந்திய அந்த 3,80,000 ஆண்டுகளையும் கணக்கிற் சேர்த்தால் ஆரம் 4650 கோடியாகும்.

அப்படியென்றால் அவை ஒளியைவிட வேகமாக ஓடியிருக்கின்றன. ஐன்ஸ்ரைன் அதற்கு இடம் கொடுக்கவில்லையே?

ஐன்ஸ்ரைனின் கட்டுப்பாடு, ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தாண்டி வெளியினூடாகச் செல்லும் வேகத்துக்கு உரியது. இரண்டு பேரடைகளுக்கு இடையிலுள்ள வெளி கூடுவதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இன்றைய விரிவு வீதத்தின்படி, ஏறத்தாழ 1400 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள பேரடைகள் அனைத்தும் ஒளியின் வேகத்திலும் கூடிய வேகத்தில் நம்மிடமிருந்து விலகுகின்றன. அவற்றுள் எதுவும் தன் அயலில் ஓர் ஒளிக்கதிரை முந்திச் செல்வதில்லை. அங்கே நின்று பார்ப்பவருக்கு நமது பால்வீதியே அந்த வேகத்தில் விலகுவதாகத் தோன்றும்.

இவ்வளவு தூரத்தை எப்படி அளந்தார்கள்? யாரும் போய்ப் பார்க்கவில்லையே.

ஒரே கோலால் யாரும் அளக்கவில்லை. ஒரு முறை எட்டும் தூரம்வரை அதனால் அளந்து, அந்த அளவைக்கொண்டு அடுத்த முறையைச் சரிபார்த்து, படிப்படியாக வெளியே நகர்ந்திருக்கிறார்கள்.

முதற்படி கேத்திரகணிதம். பூமி சூரியனைச் சுற்றும்போது, ஆறு மாத இடைவெளியில் நாம் 30 கோடி கிலோமீற்றர் தள்ளிநின்று ஒரே நட்சத்திரத்தைப் பார்க்கிறோம். அருகிலுள்ள நட்சத்திரம், தொலைவிலுள்ளவற்றின் பின்னணியில் மிகச் சிறிதளவு இடம்பெயர்ந்து தெரியும். அந்தக் கோணத்தை 1838இல் ஜேர்மன் வானியலாளர் பிரெட்ரிக் பெசல், 61 சிக்னி என்ற நட்சத்திரத்துக்கு நம்பகமாக அளந்தார். தூரம் ஏறத்தாழ 11 ஒளியாண்டு. அதே வேலையைத்தான் நம் காலத்தில் ஐரோப்பாவின் கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்குச் செய்தது.

இரண்டாம் படியை அமைத்தவர் ஹார்வர்ட் வான்காணகத்தில் ஒளிப்படத் தகடுகளைப் பரிசீலித்துவந்த ஹென்றியேட்டா லெவிற். சிறிய மகெல்லன் முகில் என்ற பேரடையிலுள்ள, ஒளி கூடியும் குறைந்தும் துடிக்கும் செபீட் வகை நட்சத்திரங்களை ஆராய்ந்து, துடிப்புக்காலம் நீண்டவை உண்மையிலேயே பிரகாசம் மிகுந்தவை என்பதை 1912இல் அவர் நிறுவினார். துடிப்பை நேரம்வைத்துப் பார்த்தால் உண்மைப் பிரகாசம் தெரிந்துவிடும். தோன்றும் பிரகாசத்தை அதனுடன் ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும். அவர் ஆராய்ந்த மகெல்லன் முகில், வன்னியிலிருந்தும் தென்வானின் அடியில் தெரியக்கூடியதே.

அந்தக் கோலை எடுத்துக்கொண்டு அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள் 1923இல், அந்திரமீடா நெபுலா என்று அன்று அழைக்கப்பட்ட மங்கலான ஒளித்திட்டில் ஒரு செபீட் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதுவரை, பால்வீதியே முழு அண்டமா, அல்லது அதற்கு வெளியேயும் பேரடைகள் உண்டா என்பதில் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. 1920இல் வாசிங்ரனில் ஹார்லோ சாப்லியும் ஹீபர் கேட்டிசும் அதுபற்றி எதிரெதிராக வாதாடியிருந்தனர். ஹபிளின் கணக்கில் அந்திரமீடா ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருந்தது. பால்வீதிக்குள் அது அடங்காது என்பதால் அந்த வாதம் முடிந்தது. இன்றைய அளவு 25 இலட்சம் ஒளியாண்டு. ஹபிளின் எண் அவ்வளவு குறைந்துபோனதற்கு முக்கிய காரணம், செபீட் வகையில் இரண்டு இனங்கள் கலந்திருந்தமை. அதனைப் பிரித்தறிந்தவர் வால்ற்றர் பாடே. இரண்டாம் உலகப்போரின்போது லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் இருட்டடிப்புச் செய்யப்பட்டதால் அவர் பணிபுரிந்த வான்காணகம் அமைந்த மவுண்ட் வில்சன் மலையின் வானம் இருண்டுகிடந்தது. அந்த இருளைப் பயன்படுத்தி அந்திரமீடாவின் உட்பகுதி நட்சத்திரங்களை அவர் தனித்தனியாகப் படம்பிடித்தார். போர் தந்த இருளில் வானம் பார்ப்பது எப்படியிருக்கும் என்பதை வன்னி வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. 1952இல் பாடே தமது திருத்தத்தை அறிவித்தபோது, பேரடைகளின் தூரங்கள் ஒரே நாளில் இரு மடங்காகின.

அதற்கும் அப்பாலுள்ளவற்றுக்கு, வெடிக்கும்போது ஏறத்தாழ ஒரே அளவு பிரகாசம் தரும் ஒருவகை மீயொளிர் நட்சத்திர வெடிப்புகளும், அவற்றுக்கும் அப்பால் ஒளியின் செம்பெயர்ச்சியும், அதாவது வெளி விரிவதால் ஒளியின் அலைநீளம் சிவப்பின் பக்கமாக நீள்வதும், அளவுகோல்களாகின்றன.

அண்டம் விரிகிறது என்றால் எதற்குள் விரிகிறது? மையம் எந்தப் பக்கம்?

எதற்குள்ளும் விரியவேண்டிய தேவை இல்லை. வெளியே காலியான ஓர் இடம் கிடந்து அதற்குள் அண்டம் பரவுகிறது என்று ஐன்ஸ்ரைனின் சமன்பாடுகள் கூறுவதில்லை. எந்த இரண்டு தொலைதூரப் பேரடைகளை எடுத்தாலும் அவற்றின் இடைத்தூரம் காலத்தோடு கூடுகிறது என்பதே விரிவு என்பதன் முழுப் பொருள்.

ரஷ்யாவின் அலெக்சாண்டர் பிரீட்மன் 1922இல் சமன்பாடுகளிலிருந்து இந்த முடிவுக்கு வந்தார். பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்க குருவானவரும் பௌதிகவியலாளருமான ஜோர்ஜ் லெமேத்ர் 1927இல் அதனைப் பேரடைகளின் அவதானிப்போடு இணைத்தார். பேரடையின் தூரம் கூடக்கூட அது விலகும் வேகமும் கூடுகிறது என்ற விதியைக் காட்டும் தமது தரவுகளை 1929இல் ஹபிள் வெளியிட்டார். அந்த விதியை ஹபிள்-லெமேத்ர் விதி என வழங்கவேண்டும் என்று சர்வதேச வானியல் ஒன்றியம் 2018இல் பரிந்துரைத்தது. தாமதமாகவேனும் அது நியாயமான திருத்தம்.

ஏறத்தாழ 32.6 இலட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு செக்கனுக்கு 70 கிலோமீற்றர் அளவில் விலகல் வேகம் கூடுகிறது. எல்லா இடங்களிலும் இதே விகிதம் நிலவுவதால், எந்தப் பேரடையிலிருந்து பார்த்தாலும் மற்றவை அதனைவிட்டு விலகுவதாகவே தோன்றும். எனவே மையம் என ஓர் இடத்தைச் சுட்ட முடியாது. அண்டத்தின் தொடக்கமான பெருவெடிப்பு ஓரிடத்தில் நிகழ்ந்து சிதறிய வெடி அன்று. நாம் நிற்கும் இடமும் அதன் இடமே.

விரிவில் நாமும், பூமியும் விரிகிறோமா?

இல்லை. அணுக்களை மின்விசையும், பூமியையும் ஞாயிற்றுத் தொகுதியையும் பால்வீதியையும் ஈர்ப்பும் கட்டிவைத்திருக்கின்றன. அந்திரமீடாவும் நாமும்கூட ஒருவரையொருவர் நெருங்குகிறோம். அது செக்கனுக்கு ஏறத்தாழ 110 கிலோமீற்றர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. விரிவு, பேரடைக் கூட்டங்களுக்கு இடையிலுள்ள பெருந்தூரங்களில் மட்டுமே மேலோங்குகிறது.

காணக்கூடிய அண்டத்தின் எல்லையில் என்ன இருக்கிறது? சுவரா, வெறுமையா?

முல்லைத்தீவுக் கரையிலிருந்து கடலுக்குப் போகும் ஒருவர் படகில் எழுந்துநின்றால், கண்மட்டம் நீரிலிருந்து இரண்டு மீற்றர் உயரத்தில் இருக்கையில், சுற்றிலும் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் வரையான கடற்பரப்பே அவருக்குத் தெரியும். தொடுவானம் ஒரு வட்டக்கோடாகத் தெரிந்தாலும் அந்தக் கோட்டில் எதுவும் முடிவதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அக்கோட்டில் மிதக்கும் இன்னொரு படகுக்கு வேறொரு வட்டம் இருக்கும்; முதற்படகு அந்த வட்டத்தின் விளிம்பில் இருக்கும். காணக்கூடிய அண்டத்தின் எல்லையும் இவ்வகையானது. 4500 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒரு பேரடையில் யாரேனும் இருந்தால், தம்மைச் சுற்றிலும் நமக்குத் தெரிவதைப் போன்ற பேரடைகளையே அவர்களும் காண்பார்கள். நமது பால்வீதி இருக்கும் இடம் அவர்களுடைய எல்லையில் கிடக்கும்.

உவமை ஓரிடத்தில் பொருந்தாது. கடலில் தொலைவாகப் பார்ப்பது இடத்தை மட்டும் பார்ப்பது. வானத்தில் தொலைவாகப் பார்ப்பது கடந்தகாலத்தைப் பார்ப்பதுமாகும். ஆகவே எல்லையை நோக்கிப் போகப்போகப் பேரடைகள் இளமையாகின்றன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டு 2024இல் அறிவிக்கப்பட்ட ஒரு பேரடையின் ஒளி, பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளிலேயே புறப்பட்டது. அதற்கும் பின்னே நட்சத்திரங்களே இல்லாத இருண்ட காலம் இருந்தது. அதற்கும் பின்னே, ஏறத்தாழ 3000 கெல்வின் வெப்பநிலையில், ஒளியை ஊடுருவவிடாத மூடுபனி போல எங்கும் நிறைந்திருந்த சூடான வாயு. ஒளியால் எட்டக்கூடிய கடைசித் திரை அது.

அந்தத் திரையின் ஒளி, விரிவினால் அலைநீளம் நீண்டு, இன்று 2.725 கெல்வின் வெப்பநிலைக்குரிய நுண்ணலையாக எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஒரு வானொலி அலைவாங்கியில் நீங்காத இரைச்சலை 1964இல் கேட்ட ஆர்னோ பென்சியாசும் ரொபேட் வில்சனும், அது உள்ளே கூடுகட்டியிருந்த புறாக்களின் எச்சத்தால் வருவதோ என ஐயுற்றுக் கழுவித் துடைத்தும் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. 1978இல் அதற்காக அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்ரெனா பூட்டிய பழைய தொலைக்காட்சிகளில் அலைவரிசை இல்லாத இடத்தில் தெரிந்த புள்ளி இரைச்சலிலும் ஒரு சிறு பங்கு இந்தக் கதிர்வீச்சினுடையதே.

அண்டத்தின் வடிவம் என்ன? உருண்டையா, தட்டையா?

காணக்கூடிய பகுதி கோளமாக இருப்பது நமது பார்வை எல்லையின் வடிவம். அண்டத்தின் வடிவம் அன்று. விஞ்ஞானிகள் வடிவம் என்னும்போது வெளியின் வளைவைக் குறிக்கிறார்கள். தட்டை என்ற சொல்லும் தட்டுப்போன்ற மெல்லிய பரப்பைக் குறிப்பதில்லை. முப்பரிமாண வெளியில், பாடசாலையில் படித்த கேத்திரகணிதம் பெருந்தூரங்களிலும் அப்படியே செல்லும் என்பதே அதன் பொருள்.

மிகப் பெரிய ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டி இதனைச் சோதிக்கலாம். கூட்டுத்தொகை 180 பாகையாக வந்தால் வெளி தட்டையானது. கூடினால் அது கோளப் பரப்பைப் போல மூடி வளைந்தது. குறைந்தால் எதிர்ப்புறமாக, திறந்து வளைந்தது. பூமியின் மேற்பரப்பில், மத்தியகோட்டில் 90 பாகை நெடுங்கோட்டு இடைவெளியுள்ள இரண்டு இடங்களையும் வடதுருவத்தையும் இணைத்தால் கூட்டுத்தொகை 270 பாகை வருவதை மாணவர் ஒரு பூகோள உருண்டையில் வரைந்து பார்க்கலாம்.

அண்டத்துக்கு அத்தகைய முக்கோணத்தை மேலே சொன்ன பழைய ஒளியே தந்தது. அந்தத் திரையில், இலட்சத்தில் ஒரு பங்கு அளவிலான வெப்பநிலை வேறுபாடுகள் புள்ளிகளாகப் பரவியுள்ளன. அவை இருப்பதை 1989இல் ஏவப்பட்ட கோபே செய்மதி கண்டது. முடிவு 1992இல் வெளியாயிற்று. அந்தப் புள்ளிகளின் உண்மையான அளவைப் பௌதிகவியலைக்கொண்டு கணிக்கலாம், ஏனெனில் அன்றைய வாயுவினூடாக ஒலியலை 3,80,000 ஆண்டுகளில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே அதனைத் தீர்மானிக்கிறது. தூரமும் தெரியும். ஆகவே வெளி தட்டையாக இருந்தால் அவை வானத்தில் ஏறத்தாழ ஒரு பாகை, அதாவது முழுநிலவின் அகலத்தைப்போல் இரு மடங்கு, இருக்கவேண்டும். வளைந்திருந்தால் அதற்குப் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியவேண்டும். 1998ஆம் ஆண்டின் முடிவில் அந்தாட்டிக்காவுக்கு மேலே பலூனில் பறக்கவிடப்பட்ட பூமராங் என்ற கருவியின் முடிவுகள் 2000இல் வந்தபோது, புள்ளிகள் ஒரு பாகையளவில் இருந்தன. பின்னர் வந்த டபிள்யூமாப், பிளாங்க் செய்மதிகள் அதனை மேலும் நுணுக்கமாக உறுதிசெய்தன. வளைவு இருந்தாலும் அதன் பங்கு ஆயிரத்தில் சிலவற்றுக்கு மேல் இல்லை என்பதே இன்றைய நிலை.

தட்டையாக இருந்தால் அண்டம் முடிவில்லாதது என்று ஆகிவிடுமா?

ஆகாது. பல நல்ல நூல்களிலும் இவ்விடத்தில் ஓர் அவசரம் காணப்படுகிறது. முதலாவதாக, அளவீட்டின் பிழை எல்லைக்குள் மிகச் சிறிய வளைவொன்று மறைந்திருக்கலாம். அப்போது அண்டம் மூடியதாகவும், காணக்கூடிய பகுதியைவிடப் பன்மடங்கு பெரிதாகவும், ஆனாலும் முடிவுள்ளதாகவும் இருக்கும். இரண்டாவதாக, வளைவு எங்கும் சுழியமாக இருந்தும், ஒரு திசையில் நேராகச் சென்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்படி வெளி இணைந்திருக்கக் கணிதத்தில் தடையில்லை. அவ்வாறாயின் ஒரே பேரடையின் ஒளி இரு திசைகளிலிருந்தும் நம்மை வந்தடையலாம். பழைய ஒளித்திரையிலும் வானின் வெவ்வேறு பக்கங்களில் ஒரே கோலமுள்ள வட்டங்கள் சோடி சோடியாகத் தெரியவேண்டும். டபிள்யூமாப், பிளாங்க் தரவுகளில் அவற்றைத் தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. வெளி அவ்வாறு திரும்பி இணைந்திருந்தாலும், ஏறக்குறைய நமது பார்வை எல்லைக்கு அப்பாலேயே அது நிகழ்கிறது என்று மட்டும் இதிலிருந்து கொள்ளலாம்.

முடிவிலி என்பதை எந்த அளவீட்டாலும் நிறுவ முடியாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். முடிவுள்ளது என்பதற்குச் சான்று கிடைக்கக்கூடும். முடிவற்றது என்பதற்குக் கிடைக்க வழியில்லை. இதனை ஒளித்து "அண்டம் எல்லையற்றது என விஞ்ஞானம் கண்டுவிட்டது" என்று மேடையில் முழங்குவது மாணவருக்குச் செய்யும் நன்மை அன்று.

எல்லை வரையில் என்றாவது போக முடியுமா?

முடியாது, ஒளிக்கும் முடியாது. 1998இல் தொலைதூர நட்சத்திர வெடிப்புகளை ஆராய்ந்த இரண்டு குழுக்கள், விரிவு தணிவதற்குப் பதிலாக வேகம் கூடிவருவதைக் கண்டன. சவுல் பேர்ல்மட்டர், பிரயன் சிமிட், அடம் றீஸ் ஆகியோருக்கு 2011இல் இதற்காக நோபல் பரிசு வழங்கப்பட்டது. காரணமாகக் கருதப்படும் கரும் ஆற்றல் அண்டத்தின் மொத்தத்தில் ஏறத்தாழ 68 சதவீதம். ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருள் 27 சதவீதம். நாம் அறிந்த அணுக்கள் 5 சதவீதம் மட்டுமே.

இந்த விரைவின் விளைவாக, இன்று நாம் அனுப்பும் ஒளிச் சைகை, இப்போது ஏறத்தாழ 1650 கோடி ஒளியாண்டுக்குள் உள்ள பேரடைகளை மட்டுமே என்றாவது சென்றடையும். காணக்கூடிய அண்டத்தின் கனவளவில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. எஞ்சியவற்றின் பழைய ஒளி நமக்குத் தெரிகிறது. அவற்றின் இன்றைய ஒளி நம்மை ஒருபோதும் வந்தடையாது. ஆகவே பார்க்கக்கூடிய எல்லை ஒன்று, அடையக்கூடிய எல்லை மற்றொன்று. இரண்டாவது மிகச் சிறியது. 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 விண்கலம் இத்தனை ஆண்டுகளில் கடந்திருப்பது ஏறத்தாழ ஒரே ஒளிநாள் தூரம் என்பதை நினைத்தால், இரண்டாவது எல்லைக்குக்கூட அவசரப்படவேண்டியதில்லை.

வன்னியிலிருந்து வெறுங்கண்ணால் எவ்வளவு தூரம் பார்க்கலாம்?

25 இலட்சம் ஒளியாண்டு. தைப்பொங்கலை ஒட்டி மழைமேகம் விலகியபின், நிலவில்லாத மாலையில் இருட்டிய உடனே, வடமேற்கு வானில் நடுவுயரத்தில் அந்திரமீடாப் பேரடை மங்கலான ஒரு நீள்திட்டாகத் தெரியும். பைனாகுலர் இருந்தால் ஐயத்துக்கிடமில்லை. மாசி மாதத்தில் இரவு எட்டு மணியளவில் தெற்கே, அடிவானத்துக்குச் சுமார் பன்னிரண்டு பாகை உயரத்தில், 1,60,000 ஒளியாண்டு தூரத்திலுள்ள பெரிய மகெல்லன் முகிலைத் தேடலாம். அங்கே நிகழ்ந்த நட்சத்திர வெடிப்பொன்று 1987 பெப்ரவரியில் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. சோளகக் காற்று வீசும் ஆடி, ஆவணி இரவுகளில் பால்வீதியின் மையத் திசை தலைக்கு மேல் தெற்காக ஓங்கிநிற்கும். மையம் 26,000 ஒளியாண்டுக்கு அப்பால், தூசுமுகில்களுக்குப் பின்னே மறைந்திருக்கிறது.

மின்சாரமின்றி இங்கே வளர்ந்த தலைமுறைக்குப் பால்வீதி பழகிய காட்சி. இப்போது ஏ-9 வீதியோரத்து விளக்குகளிலிருந்து விலகி, இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளக்கட்டுகளின் பக்கமோ வயல்வெளிக்கோ போகவேண்டியிருக்கிறது. யானை நடமாட்டம் உள்ள இடங்களில் ஊர் தெரிந்த ஒருவரைக் கேட்காமல் இரவில் இறங்கவேண்டாம். 25 இலட்சம் ஆண்டு பயணம் செய்த ஒளி இன்னோர் இரவும் வரும்.

முடிவில்லாத அண்டத்தில் எத்திசையிலும் நட்சத்திரம் இருக்குமே, இரவு ஏன் இருட்டாக இருக்கிறது?

மிக நுட்பமான கேள்வி. 1610இல் கெப்ளரும் 1823இல் ஹைன்றிச் ஒல்பேசும் இதனை எழுப்பினர். முடிவற்ற, நிலையான, என்றும் இருந்துவரும் அண்டத்தில் நட்சத்திரங்கள் நிறைந்திருந்தால், பார்க்கும் ஒவ்வொரு கோடும் இறுதியில் ஒரு நட்சத்திரத்திற் போய் முட்டும். இரவு வானம் முழுவதும் சூரியனின் மேற்பரப்பைப்போல எரியவேண்டும். இருட்டாக இருப்பதற்கு முக்கிய காரணம், அண்டத்துக்கு வயது இருப்பதே. 1380 கோடி ஆண்டுகளில் வந்துசேரக்கூடிய ஒளி மட்டுமே நம்மிடம் உள்ளது. விரிவும் தொலைவிலிருந்து வரும் ஒளியைச் செந்நிறத்துக்கும் அப்பால் தள்ளி மங்கச்செய்கிறது.

காணக்கூடிய அண்டத்தில் எத்தனை பேரடைகள்?

கலக்சி என்று பாடநூல்கள் குறிப்பிடும் பேரடைகளின் தொகை, பல பத்தாயிரம் கோடிகள் முதல் இரண்டு இலட்சம் கோடி வரை மதிப்பிடப்பட்டுள்ளது. மங்கலான சிறிய பேரடைகளை எவ்வளவு எண்ணுவது என்பதே வேறுபாட்டின் மூலம். 2004இல் ஹபிள் தொலைநோக்கி, முழுநிலவின் பரப்பில் ஒரு சிறு துண்டளவே ஆன வானத்தை நெடுநேரம் படம்பிடித்தபோது அதிலேயே ஏறத்தாழ 10,000 பேரடைகள் பதிவாகின.

அண்டங்கள் நூற்றொரு கோடிக்கு மேல் விரிந்தன என்று மாணிக்கவாசகர் பாடியிருக்கிறாரே. இதெல்லாம் நம் முன்னோருக்குத் தெரிந்ததுதானே?

கோயில் வீதியில் நிகழ்ச்சி நடத்தினால் இந்தக் கேள்வி வராமற் போகாது. அண்டங்கள் எண்ணிறந்து விரிந்து கிடப்பதையும், அவை எல்லாம் இறைவன் முன்னே வீட்டினுள் நுழையும் வெயிற்கதிரில் தெரியும் துகள்போலச் சிறியவை என்பதையும் அவர் பாடியிருப்பது உண்மை. இறைவனின் பெருமையை உணர்த்தவே அந்த எண் அங்கே வருகிறது. தகட்டில் துடிப்புக்காலத்தை எண்ணிப் பெற்ற எண் அன்று. இரண்டையும் ஒன்றாக்கினால், பாடலுக்கு அது வேண்டாத சான்றும், அளந்தவர்களின் உழைப்புக்கு அவமதிப்பும் ஆகிவிடும்.

இந்த எண்களெல்லாம் முடிந்த முடிவா? பிறகு மாறுமா?

சில மாறக்கூடும். முன்னர் 32.6 இலட்சம் ஒளியாண்டுக்குச் செக்கனுக்கு 70 கிலோமீற்றர் எனச் சொன்ன விரிவு வீதம், பழைய ஒளித்திரையிலிருந்து கணித்தால் 67 அளவிலும், செபீட், நட்சத்திர வெடிப்புகளைக்கொண்டு நேரடியாக அளந்தால் 73 அளவிலும் வருகிறது. இருதரப்பின் பிழை எல்லைகளும் சுருங்கச் சுருங்க இந்த இடைவெளி அடைபடாமல் நிற்கிறது. அளவீட்டில் ஏதோ தவறு இருக்கலாம். அல்லது கரும் ஆற்றலைப்பற்றிய நமது கருத்தில் திருத்தம் தேவைப்படலாம். 2023 யூலையில் ஏவப்பட்ட யூக்கிளிட் விண்கலம் பேரடைகளைப் பெருந்தொகையில் பதிவுசெய்து வருவது இத்தகைய கேள்விகளுக்காகவே.

அண்டம் விரிகிறது, பழைய ஒளி எங்கும் நிறைந்துள்ளது, பார்வைக்கு ஓர் எல்லை உண்டு என்பன இந்தத் திருத்தங்களால் அசையமாட்டா. வயதிலும் ஆரத்திலும் சில சதவீதம் கூடலாம், குறையலாம். அடையக்கூடிய எல்லையே இதில் அதிகம் மாறக்கூடியது. கரும் ஆற்றல் காலப்போக்கில் தளருமானால், இன்று என்றென்றைக்குமாக எட்டாதவை எனக் கணிக்கப்படும் பேரடைகளில் ஒரு பகுதி மீண்டும் எட்டும் கணக்குக்குள் வந்துவிடும்.